சென்னை ஏரித் தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு? நீங்களே கணக்குப் போடலாம்

2019 ஜூனில் எங்கள் தெருக் கைப்பம்பை அடிக்க அடிக்கக் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். அப்போதுதான் ஏரிகளின் பழைய நிலவரத்தைத் தேடிப் பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போன 2018 டிசம்பரிலேயே, வரப்போவது அந்த எண்களில் தெரிந்திருக்கிறது. பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. கூட்டலும் வகுத்தலும் வந்தால் யாரும் பார்க்கலாம்.

படி 1: எண்ணை எடுங்கள்

சென்னை மெட்ரோ வாட்டர் தன் இணையதளத்தில் ஏரிகளின் அன்றாட நிலவரத்தைப் போடுகிறது. நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருடம் இதே நாளில் இருந்த இருப்பு என்று வரிசையாக இருக்கும். ஐந்து ஏரிகளின் இருப்பை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757, அதாவது பன்னிரண்டு டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி).

படி 2: அடிக்கணக்கை நம்பாதீர்கள்

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 12 அடி இருக்கிறது என்று செய்தியில் சொன்னால் பாதி ஏரி இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நம் ஏரிகள் கிணறு மாதிரி நேராக இறங்குபவை இல்லை, தாம்பாளம் மாதிரி அகலமானவை. மேலே உள்ள ஒரு அடி உயரத்தில் இருக்கும் அளவு தண்ணீர், கீழே உள்ள ஒரு அடி உயரத்தில் இருக்காது. அதனால் பாதி உயரம் என்றால் பாதிக்கும் குறைவான தண்ணீர். எப்போதும் மில்லியன் கன அடியையே பாருங்கள்.

படி 3: லிட்டராக மாற்றுங்கள்

ஒரு கன அடி 28.3 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், எல்லாமே இதில் அடங்கும். ஒரு மில்லியன் கன அடி என்றால் 28.3 மில்லியன் லிட்டர். நகருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லியன் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 35.3 மில்லியன் கன அடி ஆகிறது. ஆக ஒரு டிஎம்சி சுமார் 28 நாளைக்கு வரும். ஐந்து ஏரியும் தளும்பத் தளும்ப நிறைந்தாலும், அவற்றை மட்டும் நம்பினால் ஒரு வருடம் ஓடாது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கிறதா? ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன 1,000 மில்லியன் லிட்டர் கணக்கில் அது மூன்றரை நிமிடத் தேவை. அந்த ரயிலைக் குறை சொல்லவில்லை, அன்று ஒவ்வொரு குடமும் பெரிதாக இருந்தது. ஏரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 4: மற்ற ஊற்றுகளைக் கழியுங்கள்

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாயில் ஒரு நாளைக்கு 180 மில்லியன் லிட்டர் வரை வரும். மீஞ்சூரில் ஒன்றும் நெம்மேலியில் இரண்டுமாக உள்ள கடல்நீர் ஆலைகளின் திறன் மொத்தம் 350. பராமரிப்புக்காக நிறுத்துவார்கள் என்பதால் 300 என்றே நான் எடுத்துக்கொள்வேன். மீதி 520 மில்லியன் லிட்டர்தான் ஏரிகளின் பங்கு, அதாவது நாளொன்றுக்கு 18.4 மில்லியன் கன அடி.

ஒரு உதாரணம். ஏப்ரல் 15 அன்று ஐந்து ஏரியின் இருப்பு 7,000 மில்லியன் கன அடி என்று வைப்போம். வெயில் குடிப்பதற்கும், மோட்டார் வைத்து இறைத்தால்தான் வரும் அடித்தண்ணீருக்கும் சேர்த்து நாலில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள் (இது என் வழக்கம்). மீதி 5,250. அதை 18.4-ஆல் வகுத்தால் 285 நாள், ஜனவரி கடைசி வரை தாங்கும். வீராணமும் கடல்நீரும் இல்லையென்றால் 35.3-ஆல் வகுக்க வேண்டும்: 149 நாள். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலேயே தீர்ந்துவிடும், வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில்தான் தொடங்கும்.

நாள் கணக்கு டிசம்பரைத் தாண்டினால் நிம்மதி. அக்டோபருக்கு முன்பே முடிந்தால் இப்போதே சிக்கனம்.

படி 5: வரத்து, வெளியேற்றத்தில் ஏமாறாதீர்கள்

வினாடிக்குக் கன அடியில் போடுவார்கள். சுமார் 11.6 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு மில்லியன் கன அடி சேரும். பூண்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் பெரும்பாலும் கால்வாய் வழியாக மற்ற ஏரிகளுக்குப் போகிறது. அதைச் செலவில் சேர்த்தால் கணக்கு இரண்டு தடவை விழும். நவம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடுவது அடையாறு வழியே கடலுக்குப் போகும் உபரி, குடிநீர் இல்லை.

கோடையில் பூண்டிக்கு வரத்து காட்டினால் அது ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீராக இருக்கும். ஆந்திராவோடு செய்த 1983 ஒப்பந்தப்படி நமக்கு வருடத்துக்கு 12 டிஎம்சி: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. முழுதாக வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள், ஏரிக்கு வந்து சேர்ந்தபின் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டுத் தொட்டியை அளந்து பாருங்கள்

புறநகரில் மெட்ரோ வாட்டர் குழாய் வராத தெருக்களுக்கு மேலே உள்ள கணக்கு பாதிதான் உதவும். அங்கே கிணறுதான் ஏரி. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் விளிம்புக்கு நேராகக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து அளந்து தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

தரைத்தொட்டிக்கு நீண்ட மூங்கில் குச்சி. உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும். எங்கள் தொட்டி 8 அடி நீளம், 6 அடி அகலம். ஈரம் 5 அடி இருந்தால் 240 கன அடி, அதை 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 6,800 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 540. பன்னிரண்டு நாள் வரும். குச்சியில் ஈரம் இரண்டடிக்குக் கீழே போனால் ஐந்தே நாள்தான். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். ஈரம் நூலுக்கு இறங்கிய அன்றே லாரிக்குச் சொல்லிவிடுவோம்.