ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டு வருகிறவர்களுக்கு

மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின், காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் மாலைநேர கிளினிக் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்தால், அமெரிக்க ரெசிடென்சிக்கு (அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் மேற்பயிற்சி) விண்ணப்பிக்கும் பழைய மாணவர்கள் சீப்புச் சீடை டப்பாவோடு வந்துவிடுவார்கள். சீடை இருக்கட்டும். கடிதம் எழுத எனக்கு வேண்டியது வேறு.

முதலில், டீனுடைய பெயர் பெரிது என்று அங்கே ஓடாதீர்கள். வார்டில் உங்களைப் பார்த்தவரிடம் கேளுங்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, பாஸா ஃபெயிலா என்பதோடு சரி. அதனால் கடிதத்தில் விஷயம் இருக்க வேண்டும். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று எழுதினால் யாரைப் பற்றி என்றே தெரியாது.

ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணுக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன். பாம்பு கடித்து ஒரு விவசாயி வந்தார். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்ததில் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்ற எல்லாரும் தயார். ஆனால் கடிவாயில் வீக்கமில்லை, எங்கும் ரத்தக்கசிவும் இல்லை. இவள் அதே தட்டிலிருந்து இன்னொரு குழாய் எடுத்துத் தன் ரத்தத்தை விட்டுப் பார்த்தாள். அதுவும் உறையவில்லை! குழாய்களை யாரோ சோப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள். புதுக் குழாயில் இருவர் ரத்தமும் உறைந்தது. பிறகும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல், விடிய விடிய கண்காணித்தாள். கடிதத்தில் பெரும்பகுதி இதுதான்.

எனக்கு எல்லாம் நினைவிருக்காது. எந்த மாதம், எந்த யூனிட், இப்படி இரண்டு மூன்று கேஸ், அதில் நீங்கள் செய்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதி, பயோடேட்டாவோடு கொடுங்கள். முழுக் கடிதத்தையும் நீங்களே எழுதிவந்து கையெழுத்து மட்டும் கேட்டால், போட மாட்டேன். "விவரமாக எழுத விஷயம் இருக்கிறதா, மேடம்?" என்று நேராகவே கேளுங்கள். நான் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள், கோபப்பட மாட்டேன்.

ஒரு ப்ரோகிராமுக்கு, அதாவது ஒரு ஆஸ்பத்திரியின் ரெசிடென்சிப் பயிற்சிக்கு, அதிகபட்சம் 4 கடிதம்தான் அனுப்ப முடியும். அமெரிக்காவில் அப்சர்வர்ஷிப், அதாவது டாக்டர்களோடு கூட இருந்து பார்த்துக் கற்பது, செய்த இடத்திலிருந்தும் வாங்குங்கள். அதில் நோயாளியைத் தொட விடமாட்டார்கள் என்பதால், ரவுண்ட்ஸில் வாய் திறந்து பேசினால்தான் அங்கே உங்களைத் தெரியும்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று ஈராஸில் (ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணையதளம், ERAS) டிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் படிப்பவர் நம்பமாட்டார். அங்கே வரும் கோரிக்கைப் படிவத்தை எனக்கு அனுப்பினால், அதிலுள்ள எண்ணைப் போட்டு நானே ஏற்றுவேன். உங்கள் கையில் தரமாட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ப்ரோகிராம்காரர்கள் விண்ணப்பங்களைத் திறந்து படிக்க ஆரம்பிப்பார்கள். ஆகஸ்ட் முடிந்தும் நான் ஏற்றவில்லையென்றால் தயங்காமல் போன் பண்ணுங்கள், ஆனால் காலையில். மாலையில் கிளினிக்கில் கூட்டம்.