சான் டியேகோவில் ஆர்.வி.யை வீட்டு வாசலில் நிறுத்த இரவு அனுமதி வாங்கும் முறை

விடுமுறைக்கு ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுப்பவர்கள் முந்தின இரவே வாசலில் கொண்டுவந்து நிறுத்திச் சாமான் ஏற்ற நினைப்பார்கள். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகர எல்லைக்குள் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதிகாலை 2 முதல் 6 மணி வரை ஆர்.வி., டிரெய்லர், மிகப் பெரிய வண்டி எதுவும் சீட்டு இல்லாமல் தெருவில் நிற்கக் கூடாது. 27 அடி நீளம், 7 அடி உயரம் என்ற அளவு பெரிய வண்டிகளுக்கானது. ஆர்.வி. சிறியதாக இருந்தாலும் தடை உண்டு. டேப்பைத் தேட வேண்டாம்.

1. வீடு எந்த எல்லையில்?

தபால் முகவரியில் 'சான் டியேகோ' என்று இருந்தால் போதாது. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் ஃபோர் எஸ் ரான்ச் நகராட்சிக்கு உட்பட்டதல்ல, கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகம்) கீழ் வருவது. பவே, சூலா விஸ்டா தனி நகரங்கள். அங்கெல்லாம் விதி வேறு, இந்தச் சீட்டு செல்லாது.

2. விண்ணப்பம்

நகராட்சியின் இணையதளத்திலேயே வாங்கலாம். கைப்பேசியை விடக் கணினி நல்லது. எப்படியும் அச்சிட வேண்டியிருக்கும். டிரெய்லர் என்றால் அதன் நம்பர் பிளேட்டைக் கொடுங்கள், இழுக்கும் காருடையதை அல்ல.

3. தேதி

எல்லோரும் இடறுவது இங்கேதான். வெள்ளி இரவு நிறுத்தப் போகிறோம் என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். பஞ்சாங்கப்படி சூரிய உதயம் வரை வெள்ளிதான். நகராட்சிக்கு நள்ளிரவோடு வெள்ளி முடிந்துவிடுகிறது. தடை தொடங்கும் 2 மணி சனிக்கிழமையைச் சேர்ந்தது. எனவே, 'எந்த நாள் நிறுத்துகிறேன்' என்று யோசிக்காமல், 'எந்த விடியலில் வண்டி தெருவில் இருக்கும்' என்று யோசியுங்கள். பணம் கட்டும் முன், சீட்டு எந்த மணியில் தொடங்கி எந்த மணியில் முடிகிறது என்று பார்த்து, அந்த 2 முதல் 6 மணி முழுவதும் அதற்குள் அடங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஒரு சீட்டு 24 மணி நேரத்துக்கு. தொடர்ந்து மூன்றுக்கு மேல் வாங்க முடியாது. ஆண்டுக்கு 72 வரை. என் கருத்தில் புறப்படும் முன் ஓர் இரவு, திரும்பிய பின் ஓர் இரவு போதும். ஆண்டு முழுதும் வாசலிலேயே வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் வாடகைக்கு ஓர் இடம் பார்ப்பதே மேல்.

4. சீட்டை வைப்பது

அச்சிட்டு, முன்கண்ணாடிக்குள் வெளியிலிருந்து படிக்கும்படி வையுங்கள். வெயில் மறைக்கும் திரையை விரித்தால் சீட்டு அதற்கு வெளிப்புறம் இருக்க வேண்டும்.

இந்தச் சீட்டு நீக்குவது அதிகாலைத் தடையை மட்டுமே. தெரு பெருக்கும் நாள், நடைபாதை ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய விளிம்பு, தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி ஆகிய தடைகள் அப்படியே இருக்கும். 2025 முதல் கலிபோர்னியா முழுவதும், பாதசாரிகள் கடக்கும் இடத்தை வண்டி நெருங்கும் பக்கத்தில் 20 அடிக்குள்ளும் நிறுத்தக் கூடாது. முனை வீட்டுக்காரர்கள் கவனிக்க. ஊரிலிருந்து வந்த மாமாவை வண்டியிலேயே படுக்க வைக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். வண்டியில் வசிப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

பின்சேர்க்கை: இரண்டு '72'களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 72 என்பது சீட்டு எண்ணிக்கை. 72 மணி நேரம் என்பது வேறு: அதற்கு மேல் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் எந்த வண்டியையும், கார் உட்பட, இழுத்துச் செல்லலாம்.

இன்னொன்று: டிரெய்லரைக் கழற்றித் தனியே தெருவில் விடக் கூடாது, பகலிலும்தான். இழுக்கும் வண்டியோடு மாட்டியே இருக்க வேண்டும். மறுநாள் காலை அதே காரில் அலுவலகம் போக நினைப்பவர்கள் முதலில் அதற்கு வழி பார்க்கவும்.