மூணு வட்டிக்குத் தலையாட்டும் முன்

கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று இறங்கினேன். முதல் முயற்சி. கையில் எட்டு லட்சம் பற்றவில்லை. தண்டையார்பேட்டையில் ஃபைனான்ஸ் நடத்தும் ஒருவர், "மூணு வட்டி, நாளைக்கே பணம்" என்றார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். வருடத்துக்கு 36 சதவீதம். இரண்டு மாத வட்டி 48,000-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு, கைக்கு 7,52,000தான் வருமாம். அதைக்கூட விழுங்கியிருப்பேன். அவர் நீட்டிய பத்திரம்தான் உறுத்தியது: அடமானம் இல்லை, கிரய ஒப்பந்தம்; அதாவது வீட்டையே அவருக்கு விற்பதாக எழுதித் தருவது! கூடவே தொகை எழுதாத இரண்டு செக் வேண்டுமாம். "சும்மா ஒரு செக்யூரிட்டிக்குத்தான் தம்பி." "யோசிச்சுட்டு வரேண்ணே" என்று டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த ஃபைனான்ஸ்காரரிடம், 1957-ம் வருடச் சட்டப்படி வட்டித்தொழில் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். காட்டினார். அப்புறம், அவர் முன்பு கடன் கொடுத்த ஒரு சொத்தின் சர்வே எண்ணை வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) போட்டுப் பார்த்தேன். அடமானம் பதிவாகியிருந்தது, ஒன்றரை வருடம் கழித்து, கடன் தீர்ந்தது என்று எழுதித் தரும் ரசீதுப் பத்திரமும். பணம் வந்ததும் பத்திரத்தை விடுகிற ஆள். அந்த வீட்டுக்காரரையும் பார்த்தேன். "ஒரு நாள் தள்ளினாலும் போன் வரும், ஆனா பேச்சு மாறமாட்டார்" என்றார்.

சரி என்று ஒன்றரை வட்டிக்கு முடித்தோம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. பேங்க் வழியாகவே வாங்கினேன். இப்போது ஓடு பிரிக்கிற வேலை நடக்கிறது.