ரிலீஸ் பஸ்ஸ விட்டுட்டா அடுத்த பஸ்ல போங்க

முன்னாடி நான் இருந்த சாஃப்ட்வேர் டீம்ல ரிலீஸ் நைட்டுன்னா (புது வெர்ஷன வெளிய விடற ராத்திரி) பிரியாணி ஆர்டர் பண்ணிட்டு உக்காந்துடுவோம், விடியகாலம் நாலு மணிக்கு எவனாவது ஒருத்தன் "ரெண்டே வரிதான்டா"ன்னு எதையாவது மாத்துவான், எட்டு மணிக்கு கஸ்டமர் கிட்டேருந்து போன் வரும். இப்ப இருக்குற டீம்ல அந்த பிரியாணி இல்ல. என்ன மாத்தினோம்னு எழுதுறேன், புதுசா லீட் ஆனவங்களுக்கு உதவும்.

மொதல்ல தேதிய ஃபிக்ஸ் பண்ணுங்க, உள்ள என்னென்ன போகணும்ங்கறத கொஞ்சம் லூசா விடுங்க. ரெண்டையும் இறுக்கிக் கட்டினா உங்க தூக்கம்தான் போகும். லினக்ஸ் கெர்னல், அதான் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, இப்படித்தான் ரிலீஸ் ஆகுது. ஒரு வெர்ஷன் வந்ததும் ரெண்டு வாரம் புது கோட உள்ள வாங்குவாங்க, அப்புறம் கதவ சாத்திட்டு வாராவாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) விட்டு பக் மட்டும் சரி பண்ணுவாங்க, ஒம்பது பத்து வாரத்துல ரிலீஸ். உங்க கோடு ரெடியாகலையா, அடுத்த பஸ். ஒரு ரிலீஸுக்கு ஆயிரம் பேருக்கு மேல கோடு அனுப்புற இடத்துலயே இது நடக்குது, எட்டு பேர் டீம்ல நடக்காதா? லினக்ஸ வச்சு பண்ணின உபுண்டு ஆபரேட்டிங் சிஸ்டமும் வருஷாவருஷம் ஏப்ரல், அக்டோபர்னு தேதி பாத்துதான் வருது (2006ல மட்டும் ஏப்ரல்ல வர வேண்டியது ஜூன்ல வந்துச்சு, 6.06னு, அதாவது 2006 ஆறாம் மாசம்னு, பேர் வந்ததே அதனாலதான்).

ஆனா பஸ்லேருந்து ஒரு ஃபீச்சர பாதியில எறக்கி விடணும்னா அது சின்ன மூட்டையா இருக்கணும். மூணு வாரம் தனி பிராஞ்ச்ல (மெயின் கோடோட சேராத தனி காப்பி) வச்சு ஊதின மாற்றத்த எறக்கவும் முடியாது, யாரும் ஒழுங்கா ரிவ்யூவும் பண்ண மாட்டாங்க, மேல கீழ ஸ்க்ரோல் பண்ணிட்டு அப்ரூவ் தட்டிட்டு போயிடுவாங்க, நானும் தட்டியிருக்கேன். உதாரணத்துக்கு டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு ஃபீல்டு பேர மாத்தணும்னு வைங்க. ஒரே அடியா மாத்தாதீங்க. மொத டிப்ளாய்ல (கோட சர்வர்ல ஏத்தறது) புது ஃபீல்ட சேத்துடுங்க, அவ்ளோதான். அடுத்ததுல ரெண்டுலயும் எழுதுங்க, பழைய டேட்டாவ மெதுவா காப்பி பண்ணுங்க. எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்துட்டு படிக்கறத புதுசுக்கு மாத்துங்க. ஒரு வாரம் சும்மா விட்டுட்டு கடைசியா பழச தூக்குங்க. நாலஞ்சு டிப்ளாய் ஆகும், பாக்க ஸ்லோவாத்தான் தெரியும், ஆனா பழச தூக்கற வரைக்கும் எந்த இடத்துல சொதப்பினாலும் ஒரு படி பின்னாடி வந்தா போதும். கமிட்டும் (ஒவ்வொரு தடவையும் பதிவு பண்ற மாற்றம்) சின்னதா இருந்தா, பாதி பாதியா பிரிச்சு தப்பு எங்கன்னு தேடற கிட் பைசெக்ட் கமாண்ட் வேலைய முடிச்சிடும், ஆயிரம் கமிட்ல எது ஒடச்சுதுன்னு சுமார் பத்து டெஸ்ட்ல காட்டிடும்.

அந்த கடைசி படிய, அதான் பழச தூக்கறத, யாருமே பண்றதில்ல. 2012 ஆகஸ்ட் 1ல அமெரிக்காவுல நைட் கேபிடல்னு ஒரு ஷேர் டிரேடிங் கம்பெனி இதுலதான் மாட்டுச்சு. நியூயார்க் எக்ஸ்சேஞ்ச் அன்னிக்கு ஒரு புது திட்டம் ஆரம்பிக்குது, அதுக்காக புது கோடு. எட்டு சர்வர்ல போடணும், கையால போட்டதுல ஒண்ணு விட்டுப்போச்சு. புது கோடு பயன்படுத்தின ஃபிளாகோ (ஒரு வேலைய ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரி) ஏற்கனவே ஒரு பழைய வேலைக்கு இருந்தது, அந்த வேலைய 2003லயே நிறுத்திட்டாங்க, கோட மட்டும் அழிக்கல. எட்டாவது சர்வர்ல அந்த செத்த கோடு எழுந்து நின்னு ஆர்டரா போட்டுத் தள்ளுச்சு. இன்னொரு கொடுமை, பிரச்சனைய சரி பண்றோம்னு நல்லா ஓடிட்டிருந்த மத்த ஏழு சர்வர்லேருந்தும் புது கோட எடுத்துட்டாங்க, அங்கயும் பழசு முழிச்சிக்கிச்சு. 45 நிமிஷம், 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடியே 97 ஈமெயில் அந்த சிஸ்டமே அனுப்பியிருக்கு, ஆனா அத அலர்ட்னு யாரும் பாக்கற வழக்கம் இல்ல.

அதனால ஃபிளாக் போடும்போதே அத எடுக்கறதுக்கும் ஒரு டிக்கெட் (வேலைக் குறிப்பு) போட்டுடுங்க, பழைய பேர மறுபடி உபயோகிக்காதீங்க, டிப்ளாய ஸ்கிரிப்ட்ட வச்சு பண்ணுங்க, எல்லா சர்வர்லயும் ஒரே வெர்ஷனான்னு அதே ஸ்கிரிப்ட் கடைசியில செக் பண்ணட்டும். ரோல்பேக்க, அதாவது பழைய வெர்ஷனுக்கு திரும்பறத, வேலை இல்லாத ஒரு செவ்வாக்கெழமை மத்தியானம் ஓட்டிப் பாருங்க. வெள்ளிக்கெழமை சாயங்காலம் டிப்ளாய் வேண்டாம்னு நான் தனியா சொல்லணுமா என்ன.

மேனேஜர் கிட்ட பேசறதுதான் கஷ்டம். "மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சிடுமா"ன்னு கேட்டா நம்ம வாய் தானா "முடிச்சிடலாம் சார்"னு சொல்லிடும். அதுக்கு பதிலா "லாகினும் பேமென்டும் வந்துடும் சார், ரிப்போர்ட் அடுத்த ரிலீஸ்ல"ன்னு சொல்லிப் பாருங்க. மொத ரெண்டு தடவ மூஞ்சி கோணும், சொன்னது சொன்ன தேதியில வந்துட்டா மூணாவது தடவ அவரே "எது இதுல, எது அடுத்ததுல"ன்னு கேப்பார், எங்க ஆளு கேட்டார். ராத்திரி பத்து மணி வரைக்கும் கிளையன்ட் கால்ல இருந்தவங்கள மறுநாள் ஒம்பது மணி ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு கூப்புடாதீங்க, பதினொண்ணுக்கு மாத்தி வைங்க, நாங்க மாத்தி எட்டு மாசம் ஆச்சு, ஒரு டிக்கெட்டும் அதனால லேட் ஆகல.