வார்டில் தப்பித்தோம், சாயா குடித்த இடத்தில் மாட்டினோம்: பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஜூலையில், கொரோனா நேரத்தில், ஒரே வாரத்தில் எங்கள் வார்டில் வேலை பார்த்த மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. பி.பி.இ. கிட் என்கிற முழுக் கவச உடை போடாமல் நோயாளி பக்கத்தில் போனவர்கள் இல்லை மூவரும். கையுறை கிழிந்திருக்கும், முகக்கவசம் தரமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில், அந்த வாரம் யார் எங்கே யாரோடு இருந்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது மூன்று பெயரும் ஒரே இடத்தில் வந்து நின்றன. நாங்கள் சாப்பிடுகிற சின்ன அறை. வெளியே சாரல் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுவிட்டு வந்தவர்கள், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து சாயா குடித்தோம். ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் மரச்சீனியும் மீனும் எடுத்துச் சாப்பிட்டோம்.

நோயாளி முன்னால் நிற்கும்போது மனதில் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயம் கையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. கூட வேலை பார்க்கிற அக்காவிடம் யாரும் பயப்பட மாட்டோம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்தப் பயம் விட்டுப்போன நேரத்தில்தான் நடந்தன.

ஜன்னல் விஷயத்தை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைக்கிற ஊர் இது. ஜூனில் சாத்திய ஜன்னலைக் கொஞ்ச நாள் திறந்து வைத்து, ஐப்பசியில் மறுபடி சாத்திவிடுகிறோம். கொரோனா மாதிரியான கிருமி இருமும்போது தெறிக்கிற பெரிய துளிகளில் மட்டும் வருவதில்லை. பேசும்போது, ஏன், சும்மா மூச்சு விடும்போதுகூட வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் பீடிப்புகை போலத் தங்கி நிற்கும். ஏசி இருந்தால் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. காற்றில் பரவும் நோய்க்கான தனிமை அறையில் மணிக்கு 12 முறையாவது காற்று முழுசாக மாற வேண்டும் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. சாப்பாட்டு அறையில் அந்த அளவை எட்ட முடியாதுதான். ஆனால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்கவும், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டவும் முடியும். நாங்கள் ஜன்னல் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டோம், யாராலும் சாத்த முடியாதபடி. சாயா குடிப்பது வெளி வராந்தாவுக்குப் போனது, ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும்.

அடுத்து, கவச உடையைக் கழற்றும் நேரம். போடும்போது எல்லோரும் கவனமாகப் போடுகிறோம். கழற்றும்போதுதான் கை அவசரப்படுகிறது. நமது கடலோரப் புழுக்கத்தில் அந்த உடைக்குள் ஆறு மணி நேரம் இருந்து பாருங்கள். வியர்வை முதுகில் வழிந்து காலுறைக்குள் தேங்கும். கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி மருந்தின் பெயர் தெரியாது. மூக்கு நுனியில் ஒரு அரிப்பு வரும், அதைச் சொறிய முடியாது. கழற்றும் அறைக்குள் நுழைந்ததும் மனசு விடுதலை ஆகிவிடுகிறது. வந்த வேகத்தில் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு மூக்கைத் தேய்க்கிறோம். உடையின் வெளிப்பக்கம் முழுவதும் கிருமி இருக்கக்கூடிய நேரம் அது.

முறை என்னவோ எளிதுதான். கையுறையும் மேலுடையும் முதலில், கண்ணாடி அப்புறம், முகக்கவசம் கடைசியில். முகக்கவசத்தை அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொட வேண்டும், அதுவும் பின்பக்க நாடாவைப் பிடித்து. ஒவ்வொன்றையும் கழற்றியவுடன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். உடையை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும், உதறக் கூடாது. இத்தனையும் களைப்பில் மறந்துபோகும் என்பதால் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்: ஆளுயரக் கண்ணாடி ஒன்று, பார்த்துக்கொண்டு நின்று வரிசை சொல்ல ஒரு ஆள். ‘எனக்குத் தெரியும், நீ போ’ என்று அந்த ஆளை அனுப்பிவிடுவது அனுபவசாலிகள் செய்கிற தவறு. நானே செய்திருக்கிறேன்.

என்95 முகக்கவசத்தில் நம்மவர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உள்ளே ஒரு சர்ஜிகல் மாஸ்க், அதன் மேல் என்95. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பு. என்95 முகத்தோலோடு ஒட்டி இருந்தால்தான் காற்று வடிகட்டி வழியாக வரும். நடுவில் துணி மடிப்பு இருந்தால் ஓரத்து இடைவெளி வழியாக வடிகட்டாத காற்று நேராக உள்ளே வந்துவிடும். தாடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே போட்டவுடன் இரண்டு கையாலும் பொத்தி, பலமாக ஊதிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்திச் சரி செய்யுங்கள். நனைந்துபோன முகக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, போன் பேசிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்வதை எந்த வார்டிலும் பார்க்கலாம்.

கையுறை பற்றி ஒன்று. காய்ச்சல் முகாம்களுக்குப் போன நாட்களில், ஒரே கையுறையோடு பத்து வீட்டுக் கேட்டைத் திறந்து, பத்துப் பேர் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையுறை போட்டிருப்பவரை மட்டும்தான் காப்பாற்றும். பத்தாவது வீட்டுப் பாட்டாவுக்கு அது ஒன்பது வீட்டுக் கிருமியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். வெறும் கையோடு போய், ஒவ்வொருவரைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் ஸானிட்டைசர் போட்டு 20 முதல் 30 நொடி தேய்ப்பது எவ்வளவோ மேல். ஆக்ஸிமீட்டரையும் துடைக்க வேண்டும். கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவதென்றால் 40 முதல் 60 நொடி.

பிளீச்சிங் பவுடருக்கு வருவோம். தெரு ஓரம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் தூவிவிட்டால் ஊரே சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மனிதர்கள் மேலேயே கிருமிநாசினி தெளித்த காலம் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், ஆட்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. கண்ணும் தோலும் எரியும், மூச்சு முட்டும், உள்ளே போன கிருமிக்கு ஒன்றும் ஆகாது. மருத்துவமனைக்குள் நடக்கும் தவறு வேறு மாதிரி. 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடரில் ஒரு சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 33 கிராம். ஒரு பக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி என்பது கணக்கே இல்லை. மூடி சரியில்லாத டப்பாவில், ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் அந்த 30 சதவீதமும் இருக்காது. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ரத்தமும் சளியும் கிடக்கிற தரையில் நேராக ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் துடைத்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. டாக்டருக்கும் நர்சுக்கும் பயிற்சி நடந்தது. பக்கெட்டைத் தூக்குகிற துப்புரவுப் பணியாளர், மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டி இறக்குகிறவர், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வாசலில் நிற்கும் காவலாளி, இவர்கள் அந்த ஹாலில் இல்லை. சுவரில் ஒட்டிய படமோ இங்கிலீஷில். ஒரு துப்புரவுப் பணியாளர் அக்கா மஞ்சள் பையைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார், இடம் பற்றவில்லை என்று. முக்கால் பங்கு நிரம்பியதும் கட்டிவிட வேண்டும், அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று முகத்தில் அடிக்கும் என்று சொன்னபோது அவர் கேட்டார்: “இத ஏன் மக்களே முன்னாலயே சொல்லல?” எனக்குப் பதில் இல்லை.

சரி, பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் எச்சரிக்கையாக இருப்பது என்ற பழக்கம். 2018 மே மாதம் கேரளத்தில் நிபா வைரஸ் வந்தபோது 17 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் வைத்துத்தான் தொற்றியது. முதலில் வந்த நோயாளிக்கு நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்த நர்ஸ் லினி உயிரிழந்தார். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. எந்த நோய் வந்தாலும் எல்லையில் பேர் எழுதிக்கொண்டு வராது. இருமலோடு வரும் யாருக்கும் ஓ.பி. வாசலிலேயே முகக்கவசம் கொடுத்துத் தனி வரிசையில் உட்கார வைப்பது, எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்பது, இரண்டையும் சாதாரண நாளிலும் செய்ய வேண்டும். நிபாவோ கொரோனாவோ, முதல் நோயாளி வருகிற நாள் நமக்குச் சாதாரண நாளாகத்தான் இருக்கும்.

ஊசி போட்டாச்சு என்ற தைரியமும் பலரைக் கவிழ்த்தது. 2021 ஜனவரி 16 முதல் நமக்குத்தான் முதலில் போட்டார்கள். ஏப்ரல், மே அலையில் போட்டவர்களிலும் சிலர் படுத்தார்கள். தடுப்பூசி பெரும்பாலும் நோயைக் கடுமையாக விடாமல் காத்தது, அது பெரிய விஷயம். ஆனால் நம்மிடமிருந்து வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் போவதை முழுசாகத் தடுக்கவில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிகிற தவறு: உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வருவது. இதற்கு ஆளை மட்டும் குறை சொல்லி லாபமில்லை. லீவு சொன்னால் கூட இருப்பவர் இரட்டை டியூட்டி பார்க்க வேண்டும். பாசிட்டிவ் என்று தெரிந்தால் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார், கடப்புறத்து நெருக்கமான வீடுகளில் பக்கத்து வீட்டார் கதவை அடைப்பார்கள். ‘எப்படித் தொற்றியது, என்ன கவனக்குறைவு?’ என்று மேலே விசாரிப்பார்கள். இத்தனையும் நினைத்து ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும்.

அந்த ஜூலைக்குப் பிறகு எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நோட்டு போட்டார். டியூட்டிக்கு வந்ததும் தொண்டை வலி, காய்ச்சல், உடம்பு வலி எது இருந்தாலும் அதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்றார். ஒரு வாரம் நோட்டு வெறுமையாகவே கிடந்தது. எட்டாம் நாள் காலையில் அவரே வந்து, தொண்டை வலி என்று தன் பெயரை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படியேறாமல் அப்படியே திரும்பிப் போனார். மறுநாள் நோட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன.