ஸ்டென்ட் வைத்த பிறகு செய்யும் தவறுகள்

இதய இரத்தக்குழாய் அடைப்புக்கான ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை முடிந்ததும் “அடைப்பை எடுத்துவிட்டார்கள்” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் எதையும் எடுப்பதில்லை. பலூனை ஊதி, கொழுப்புப் படிவைக் குழாயின் சுவரோடு அழுத்தி, அது மீண்டும் சுருங்காதபடி உலோக வலைக்குழல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதுதான் ஸ்டென்ட். அதன்மேல் உள்தோல் படர்ந்து மூட மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தம் அந்த உலோகத்தின்மேல் உறையப் பார்க்கும்.

எடுத்தாகிவிட்டது என்று நம்புகிறவர்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் எளிதாக நிறுத்துகிறார். என் பெரியப்பா மூன்றாம் மாதம் பல் பிடுங்கப் போனார். “இரத்தம் நிற்காது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த வகை மாத்திரையான குளோபிடோக்ரலின் அட்டையை அலமாரியின் பின்னால் தள்ளி வைத்திருந்தார். இரண்டு நாள் மாத்திரை குறையாததைப் பெரியம்மா பார்த்ததால் பிழைத்தார். ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொண்டால் வருவது பெரிய மாரடைப்பு. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் பொதுவாக 12 மாதம் தருவார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம். இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்குக் குறைப்பதும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே, பஞ்சை அழுத்திக் கடிக்க வைத்துப் பல்லைப் பிடுங்கிவிடலாம். குளோபிடோக்ரலுக்குப் பதிலாகத் தரும் டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். அப்போதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள்.

மூட்டு வலிக்கு டைக்குளோஃபினாக்கைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது அடுத்த தவறு. இந்த மாத்திரைகளோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுத்தால் தாமதிக்கக் கூடாது.

சிறுநீரகக் கோளாறையோ சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையோ சிகிச்சைக்கு முன்பே சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. படம் எடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுவது இரண்டு மூன்று நாளில்தான் தெரியும் என்பதால், மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் போய்விடுங்கள்.

தொடை இரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்திருந்தால் முதல் சில நாள் குந்துவதும் பாரம் தூக்குவதும் வேண்டாம். இரத்தம் கசிந்தால் துணியை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்காமல், படுக்க வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் இடுப்பு வலியும் வியர்வையும் தலைசுற்றலும் வந்தால், மெத்தையைக் குறை சொல்லாதீர்கள். இரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் தேங்கிக்கொண்டிருக்கலாம்.