பராலி எரிப்பு: அபராதத்தோடு முடியாத கணக்கு

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்தபின் வயலில் கிடக்கும் தாளுக்குப் பராலி என்று பெயர். நம் டெல்டாவில் வைக்கோலுக்கு விலை உண்டு. அங்கே மாடு தின்பது பெரும்பாலும் கோதுமை வைக்கோல்தான், நெல்தாளைச் சீந்துவாரில்லை. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இருப்பதோ இரண்டு மூன்று வாரம். நிலத்தடி நீரைக் காக்க நாற்று நடவைத் தள்ளிப்போட்ட 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கியது. ஆகவே தீ வைத்துவிடுகிறார்கள். அதற்கு என்ன விலை என்பதில்தான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

அபராதத்தின் பழைய தொகையை மனதில் வைத்திருப்பது முதல் தவறு. 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது 2,500, 5,000, 15,000 ரூபாய். இது போதாது என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டபின், 2024 நவம்பர் 6 அன்று மத்திய அரசு அதை இரட்டிப்பாக்கியது. இப்போது இரண்டு ஏக்கருக்குக் கீழே 5,000, இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, எரிக்கும் ஒவ்வொரு தடவைக்கும்.

"அரை ஏக்கர்தானே கொளுத்தினேன், 5,000 கட்டிவிடலாம்" என்பது அடுத்தது. விதி பேசுவது எரிந்த பரப்பை அல்ல, விவசாயி வைத்திருக்கும் நிலத்தை. ஆறு ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு மூலையைக் கொளுத்தினாலும் 30,000 தான்.

இதைவிட ஆபத்தானது, 'விவசாயிக்குக் கேஸ் கிடையாது' என்ற நம்பிக்கை. அதில் பாதி உண்மை. காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம், அதை மீறும் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பராலி எரிக்கும் விவசாயியை மட்டும் அதிலிருந்து விலக்கி, சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டினால் போதும் என்கிறது. ஆனால் மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு போட்டிருந்தால், அதை மீறியதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவில் தனியாக வழக்கு வரும். பஞ்சாபில் அப்படி வழக்குகள் பதிவாகியும் இருக்கின்றன.

பணத்தைக் கட்டியதும் விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். பஞ்சாபில் நில ஆவணத்தில் 'ரெட் என்ட்ரி' போடுவார்கள். அது விழுந்தால் அந்த நிலத்தை வைத்துக் கடன் வாங்குவதும், அடமானம் வைப்பதும், விற்பதும் சிக்கல். ஹரியானா 2024 அக்டோபரில் இன்னும் ஒரு படி போனது. அங்கே இந்தக் குறிப்பு விழுந்தவர் அடுத்த இரண்டு பருவத்துக்கு மண்டியில் அரசுக் கொள்முதலுக்கு விளைச்சலைக் கொடுக்க முடியாது. நெல்லும் கோதுமையும் ஆதார விலைக்குப் போகும் ஊரில், இதோடு ஒப்பிட்டால் 30,000 ரூபாய் ஒன்றுமே இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எரிப்பவர் குத்தகைதாரராக இருக்கலாம், ஆவணத்தில் இருப்பது உங்கள் பெயர்.

தீயைக் கண்டுபிடிக்கும் செயற்கைக்கோள் பற்றியும் இரண்டு தப்பெண்ணங்கள். மதியம் அது கடந்துபோனதும் சாயங்காலம் கொளுத்தினால் தெரியாது என்பது ஒன்று. கருகிய மண் அடுத்த நாளும் கருப்பாகத்தானே கிடக்கும்? இன்னொன்று, அது துல்லியமாகக் காட்டும் என்பது. அதிகம் பயன்படும் படங்களில் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். பக்கத்து வயல் தீ உங்கள் கணக்கில் ஏறலாம். அதனால்தான் அதிகாரிகள் நேரில் வந்து சரிபார்க்கிறார்கள். அன்று வயலில் இல்லாமல், நோட்டீஸ் வந்தபின் பதறுவது வீண்வேலை. எரிக்காதவர் அங்கேயே நின்று தாளைக் காட்ட வேண்டும்; தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இத்தனைக்கும் ஆரம்பம் பெரும்பாலும் அறுவடை நாளில்தான். வாடகை கொஞ்சம் குறைகிறது என்று, தாளை நறுக்கிப் பரப்பும் சூப்பர் எஸ்எம்எஸ் என்ற கருவி பொருத்தாத கம்பைன் இயந்திரத்தை விட்டு அறுக்கிறார்கள். தாள் வரிசை வரிசையாகக் குவிந்துவிடும். பிறகு ஹேப்பி சீடர் என்ற விதைப்பு இயந்திரம் கொண்டு நேரடியாகக் கோதுமை விதைக்கப் போனால் குவியலில் சிக்கி நிற்கும். வேறு இயந்திரம் தேடினால், நவம்பர் முதல் வாரத்தில் ஊரே அதற்குத்தான் வரிசையில் நிற்கிறது.